சருகுமான் வாசலில் படமெடுத்த பூ

ஒரு காட்டில், நல்ல மத்தியானத்திலும் வெயில் தரைக்கு வந்து சேராத ஒரு சோலை இருந்தது. மேலே மரங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றன. கீழே பல வருஷத்துச் சருகு மட்கி, மண் கறுத்து, கால் வைத்தால் பொதபொதவென்று உள்ளே போகும். பாறை ஒவ்வொன்றும் பாசிச் சட்டை போட்டிருக்கும். பக்கத்திலேயே ஓர் ஓடை.

அங்கே ஒரு பெரிய நாவல் மரம். அதன் வேர்களுக்கு நடுவில் ஒரு சந்து. எவ்வளவு அகலம் தெரியுமா? ஒரு குட்டி உள்ளே நுழையலாம். குட்டியின் அம்மா மூக்கை மட்டும் நீட்டலாம். அவ்வளவுதான்.

அந்தச் சந்தில் தன் குட்டியை ஒளித்து வைத்திருந்தது ஒரு சருகுமான். மான் என்று பேர்தானே தவிர, முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கொம்பும் கிடையாது. பயந்துவிட்டால் சருகோடு சருகாக அப்படியே உறைந்து நிற்கும். இந்தச் சருகுமானின் பேர் சருகி. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். அதன் குட்டிக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதனால் பேர் பொட்டு.

அந்தச் சோலைச் சருகுமான்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டியை மறைவில் விட்டுவிட்டு அம்மா மேயப் போகும். திரும்பி வந்ததும் முன்காலால் தரையைத் தட்டும். ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு தட்டு. அந்தத் தட்டைக் கேட்டால்தான் குட்டி வெளியே வரும். அதுவரை எவ்வளவு பசித்தாலும் மூச்சுக் காட்டாது. அந்தத் தட்டு அம்மாவுக்கும் குட்டிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. வேறு யாரிடமும் சொல்லவே கூடாது.

சருகி அந்த மரத்தடிக்குப் பங்குனி மாதம்தான் குடிவந்தது. அப்போது வாசலில் சருகைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. சருகி ஓடைக்கு அந்தப் பக்கம் மேயப் போயிருந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் கடக்க வழியில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் இறங்கியதும், கல்லுக்குக் கல் தாவி ஓடி வந்தது. பால் கட்டி மடி வலித்தது. 'பொட்டு நேற்றிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையே' என்ற நினைப்பு அதைவிட வலித்தது.

வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது நின்றது. உறைந்து நின்றது.

வேர்ச்சந்துக்கு நேர் முன்னால் ஒரு பாம்பு படமெடுத்து நின்றுகொண்டிருந்தது!

உங்களிடம் மறைப்பானேன்? அது பாம்பு இல்லை. பூ. அந்தச் சோலை முழுக்கத் தேடினாலும் அந்த ஜாதியில் நாலோ ஐந்தோ செடிதான் கிடைக்கும். நிழலும் ஈரமும் மட்கிய சருகும் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அது தலைகாட்டும். வழவழப்பான தண்டு. பச்சையில் பழுப்புத் திட்டுத் திட்டாக, அசல் பாம்புத் தோல். தண்டின் மேலே, பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட ஒரு மடல், படம் விரித்தது போல முன்பக்கமாகக் கவிந்திருக்கும். மடலின் நுனி மெலிந்து, நீண்டு, நாக்கு நீட்டின மாதிரி தொங்கும். காற்று வந்தால் ஆடும். முந்தாநாள் வரை சருகுக்கு நடுவில் ஒரு குச்சி மாதிரி சுருண்டு நின்றது, மழையில் இப்படி விரிந்துவிட்டது.

உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பாவம், சருகிக்குத் தெரியாதே.

மடலில் மழைத்துளி விழுந்தது. படம் தலையாட்டியது. ஓர் ஈ பறந்து வந்து படத்துக்குள்ளே போனது. இன்னோர் ஈ போனது.

'பாம்பு ஈயா தின்னும்?' சருகிக்கு ஒன்றும் புரியவில்லை. 'வாயை அசைக்காமல் எப்படித் தின்னும்?'

காலைத் தட்டிக் குட்டியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் பொட்டு நேராகப் பாம்பின் வாயில் வந்து நிற்கும். கூப்பிடாமல் விடலாம். விட்டால் பொட்டு பசியிலேயே செத்துப்போகும்.

என்ன செய்வது?

நாவல் மரத்தின் உச்சியில் ஒரு மலையணில் குடியிருந்தது. பெரிய மனுஷன். தரையில் கால் வைப்பது கௌரவக் குறைச்சல் என்று எண்ணம். சருகி அண்ணாந்து, அடங்கின குரலில் கூப்பிட்டது.

"அண்ணே, அண்ணே! உங்க மரத்தடியில பாம்பு நிக்குது. பார்த்தீங்களா?"

மலையணில் வாலைக் கிளையில் தொங்கவிட்டுக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. "பாம்பா? எங்கே? எனக்கு ஒரு பச்சைக் குடைதான் தெரியுது. கம்பி கம்பியா நீளமான இலை, நாலாபக்கமும் விரிஞ்சு, நடுவுல சேர்ந்து... எண்ணிச் சொல்லட்டுமா? ஒன்பது. ஒன்பது கம்பி வெச்ச குடை."

"குடைக்கு அடியில பாருங்க அண்ணே!"

"அடியில எப்படித் தெரியும்? குடைன்னா மறைக்கத்தானே செய்யும்?"

"கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்களேன்."

"நல்லாச் சொன்னே போ! எங்க வம்சத்துலயே யாரும் தரையில கால் வெச்சது கிடையாது. நான் வருஷா வருஷம் மழைக்காலத்துல இந்தக் குடையைப் பார்க்கறேன். பாம்பாம் பாம்பு! பயந்த கண்ணுக்குக் கொடியெல்லாம் பாம்பு."

சருகிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டடி முன்னால் வைத்தது. மறுபடியும் பார்த்தது. அணில் சொன்ன குடை இருந்தது. குடைக்குக் கீழே பாம்பும் இருந்தது. நாக்கை வேறு ஆட்டியது.

'குடை பிடித்துக்கொண்டு நிற்கிற பாம்பா?' சருகி நாலடி பின்னால் வந்தது.

அந்த வழியாக ஒரு காட்டுக்கோழி சருகைக் கிளறிக்கொண்டே வந்தது. அதற்குத் தெரியாத சங்கதி அந்தக் காட்டிலேயே கிடையாது என்று அதுவே சொல்லிக்கொள்ளும்.

"என்னடி சருகி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"என் வாசல்ல பாம்பு நிக்குது அக்கா. அணில் அண்ணன் குடைங்கறாரு."

"எது, அந்த நாவல் மரத்து வேர்கிட்டயா? பாம்பும் இல்லை, குடையும் இல்லை. அங்கே நிக்கறது ஒரு சோளக்கதிர்."

"சோளக்கதிரா!"

"ஆமாண்டி. செக்கச் செவேல்னு, மணி மணியா, பளபளன்னு, என் கொண்டையைவிடச் சிவப்பு. சோளத்தட்டை மாதிரி ஒரு தண்டு, அதோட தலையில கதிர். பாரம் தாங்காம சாய்ஞ்சுகூட கிடந்தது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"எப்போ அக்கா?"

"கார்த்திகையில."

"இது ஆனி மாசம் அக்கா."

"இருந்தா என்ன? கார்த்திகையில இருந்த கதிர் ஆனியில எழுந்து ஓடிடுமா? கதிருக்குக் கால் இருக்கா?"

சருகி யோசித்துப் பார்த்தது. கதிருக்குக் கால் கிடையாதுதான். அப்படியென்றால் அங்கே கதிர் இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது பாம்பு. மேலே இருந்து பார்த்தால் குடை. அதற்குத் தலை சுற்றியது.

மடி இன்னும் கனத்தது.

இரண்டு பேரும் சேர்ந்து முள்ளம்பன்றியைப் போய் எழுப்பினார்கள். முள்ளம்பன்றி பகலில் தூங்கும். தூக்கத்தைக் கெடுத்தால் கோபம் வரும். கோபம் வந்தாலும் பொய் சொல்லாது.

"என்ன?" என்றது பாறைப் பொந்துக்குள்ளிருந்தே.

"மாமா, என் வேர்ச்சந்து வாசல்ல..." என்று ஆரம்பித்துச் சருகி எல்லாவற்றையும் சொன்னது.

"மூணும் பொய்" என்றது முள்ளம்பன்றி. "தை மாசம் அந்த இடத்தைத் தோண்டினவன் நான். ஒரு புல்லுகூடக் கிடையாது. வெறும் சருகு. சருகுக்கு அடியில ஒரு கிழங்கு. உருண்டையா, இவ்வளவு பெரிசு. கடிச்சேன், நாக்கு அரிச்சது, துப்பிட்டு வந்துட்டேன். அங்கே இருக்கறது கிழங்கு. போதுமா? தூங்கலாமா?"

"கிழங்கா?" காட்டுக்கோழி ஒரு நிமிஷம் கழுத்தைச் சாய்த்து யோசித்தது. பிறகு இறக்கையைப் பட்டென்று அடித்தது. "ஐயையோ! உருண்டையா, மண்ணுக்கு அடியிலயா? அது கிழங்கு இல்லை மாமா. பாம்பு முட்டை! நீங்க கடிச்சது பாம்பு முட்டை!"

பொந்துக்குள்ளிருந்து 'தூ, தூ' என்று துப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இப்போ எல்லாம் விளங்கிப்போச்சு" என்றது கோழி. "தை மாசம் முட்டை. இப்போ பொரிஞ்சு பாம்பு வந்திருக்கு. வந்ததும் என் கதிரைத் தின்னுடுச்சு."

"அப்போ குடை?" என்றது சருகி.

கோழி வானத்தைப் பார்த்தது. "மழை பெய்யுதில்லே? பாம்புக்கு மட்டும் நனையப் பிடிக்குமா?"

முள்ளம்பன்றி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. "நான் கடிச்சது முட்டை இல்லை" என்றது. ஆனால் முன்பு இருந்த உறுதி குரலில் இல்லை.

மூன்று பேரும் நாவல் மரத்துப் பக்கம் வந்து, தூரத்திலேயே ஒரு பாறை ஓரமாக நின்றுகொண்டார்கள். மேலேயிருந்து அணில் "குடை! குடை!" என்று கத்தியது. கோழி "கதிர்! கதிரைத் தின்ன பாம்பு!" என்று கத்தியது. முள்ளம்பன்றி "கிழங்கு" என்று முணுமுணுத்தது. ஒருவரும் கிட்டப் போகவில்லை.

"ஆமா, குட்டி சத்தமே போடலியே?" என்றது கோழி திடீரென்று.

சருகி வேர்ச்சந்தையே பார்த்தது. "போடாது அக்கா. நான் காலைத் தட்டினாத்தான்."

"தட்டேன்."

"தட்டினா வெளியே வந்துடுமே! வாசல்ல பாம்பு நிக்குதே!"

"பாம்பு முழுங்கியிருந்தா?" என்றது கோழி. கேட்ட பிறகுதான் 'கேட்டிருக்க வேண்டாமோ' என்று அதற்கே தோன்றியது. அந்தப் பக்கம் திரும்பிச் சருகைக் கிளற ஆரம்பித்தது.

சருகி அழுதது. சருகுமான் அழுதால் சத்தம் வராது. மூக்கு மட்டும் துடிக்கும்.

"யாரது, என் தங்கச்சியை அழவிட்டது?"

பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு கீரி வந்தது. கழுத்தின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. தேன் மாதிரி குரல். இவ்வளவு நேரமும் அது பெரணிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பாம்புன்னு சொன்ன பிறகு நான் எதுக்கு இருக்கேன் தங்கச்சி? அதுதானே என் தொழிலே?"

"அண்ணே, நிஜமாவே விரட்டிடுவீங்களா?"

"விரட்டறதா? பல்லைப் பிடுங்கி உன் கையில தர்றேன்."

"உனக்கு என்ன வேணும்?" என்றது முள்ளம்பன்றி.

"சீச்சீ! ஒரு தாய் அழறா. இதுல போய் வேணும் வேண்டாம்னு பேசிக்கிட்டு..." கீரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் இல்லை.

இந்தக் கீரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு தடவை அது அந்த வேர்ச்சந்து வாசலில் வந்து காத்துக் கிடந்திருக்கிறது. உள்ளே குட்டியின் வாசனை. தலையை நுழைத்தால் போகவில்லை. கையை விட்டால் எட்டவில்லை. எவ்வளவு நேரம் காத்தாலும் குட்டி வெளியே வரவில்லை. அங்கே நிற்பது பூ என்பதும் கீரிக்கு நன்றாகத் தெரியும். அன்று விடியற்காலையில்தான் அந்தத் தண்டில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டு போனது!

"நான் சொல்றபடி செஞ்சாப் போதும்" என்றது கீரி. "எல்லாரும் இந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் போயிடணும். முதுகைக் காட்டி நிக்கணும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாம்போட கண்ணு உங்க கண்ணைப் பார்த்துட்டா, என்னை விட்டுட்டு உங்ககிட்ட வந்துடும்."

கோழி முதல் ஆளாகப் பாறைக்குப் பின்னால் போய் நின்றது.

"அப்புறம் ஒண்ணு தங்கச்சி." கீரி குரலைத் தாழ்த்தியது. "பாம்பு செத்த பிறகு குட்டியை நான்தானே வெளியே கூட்டி வரணும்? அடிபட்ட பாம்பு பக்கத்துல குட்டி கிடக்கலாமா? நீ எப்படித் தட்டுவே? சொல்லிடு."

சருகி முள்ளம்பன்றியைப் பார்த்தது.

"அது உன் வீட்டுச் சங்கதி புள்ளே" என்றது முள்ளம்பன்றி.

"பார்த்தியா, சந்தேகப்படறாரு. சரி, நான் வர்றேன்." கீரி திரும்பி நாலடி நடந்தது.

"அண்ணே! போகாதீங்க!" சருகியின் தலைக்குள் பாம்பும் குடையும் கதிரும் கிழங்கும் கலந்து சுற்றின. எது உண்மை, எது பொய், யாரை நம்புவது, ஒன்றும் பிடிபடவில்லை. இந்த ஒருவர்தான் 'எனக்குத் தெரியும்' என்று தெளிவாகப் பேசுகிறார். "மூணு தடவை வேகமா. கொஞ்சம் நிறுத்தி, ஒரு தடவை மெதுவா" என்று சொல்லிவிட்டது.

"மூணு வேகமா, ஒண்ணு மெதுவா" என்று கீரி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. "போய்த் திரும்பி நில்லு தங்கச்சி."

எல்லோரும் பாறைக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றார்கள். சற்று நேரத்தில் சண்டை ஆரம்பித்தது.

"ஏய் பாம்பே! வாடா! ஹா! இந்தா! ஐயோ, வாலால அடிக்கிறியா? இந்தா வாங்கிக்கோ!"

சருகு பறந்தது. மண் சிதறியது. காட்டுக்கோழி ஒன்றையும் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னது.

"இப்போ வாலைப் பிடிச்சிட்டாரு. இப்போ கழுத்து. பாம்பு சுத்திக்கிச்சு... விடுவிச்சிட்டாரு! என்ன வீரம், என்ன வீரம்!"

உச்சியிலிருந்து அணில் கேட்டது: "ஏன் அந்தக் கீரி குடைக்குப் பக்கத்துல தனியாக் குதிச்சுக்கிட்டு இருக்கு?"

"உங்களுக்கு அங்கேயிருந்து என்ன தெரியும்? பேசாம இருங்க!" என்றது கோழி.

சத்தம் சட்டென்று நின்றது.

சருகி காதைத் தீட்டிக்கொண்டது. 'முடிந்தது' என்று கீரி கத்தும் என்று காத்திருந்தது. கீரி கத்தவில்லை. அதற்குப் பதிலாக ஈரமண்ணில் மெல்ல ஒரு சத்தம் வந்தது.

டக்டக்டக். டக்.

சருகி தலையை நிமிர்த்தியது. அது தன் தட்டு. தான் இங்கே நிற்கிறது. தட்டு அங்கே கேட்கிறது. ஒரு நொடி, வாசலில் நிற்பது தான்தானோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அவ்வளவு குழப்பம்.

வேர்ச்சந்துக்குள்ளிருந்து 'ம்ம்' என்று பொட்டுவின் குரல் வந்தது.

சருகி திரும்பிவிட்டது.

பாம்பு சாகவில்லை. முன்பு நின்றது போலவே படமெடுத்து நின்றது. படத்துக்கு நேர் கீழே கீரி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பாம்பு கீரியைப் பார்க்கவில்லை. கீரியும் பாம்பைப் பார்க்கவில்லை. கீரியின் கண் சந்தின் மேலேயே இருந்தது. வாய் திறந்திருந்தது. சந்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்பு மூக்கு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

பாம்பும் கீரியும் கூட்டா? பாம்பு கீரியைக் கடிக்கவில்லையே, ஏன்? கீரி ஏன் பாம்புக்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறது? சருகிக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை.

புரியாமலேயே ஓடியது.

பிறந்ததிலிருந்து பயந்தால் உறைந்து நின்றே பழகிய கால்கள், அன்று ஓடின. பாம்புக்கும் கீரிக்கும் நடுவில் போய் விழுந்தது. நாலு காலாலும் தரையை அடித்தது. தடதடதடவென்று, மூன்றும் ஒன்றும் என்ற கணக்கெல்லாம் இல்லாமல், சோலையே கேட்கும்படி அடித்தது. சின்ன மூக்கு சட்டென்று உள்ளே போய்விட்டது.

"திரும்பாதேன்னு சொன்னேனில்லே?" கீரி சீறியது. தேனெல்லாம் எங்கோ போய்விட்டது. சருகியின் தொடையைக் கவ்வியது.

"மாமா!"

முள்ளம்பன்றிக்கு வேகமாகத் திரும்பத் தெரியாது. ஆனால் பின்பக்கமாக ஓடத் தெரியும். முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்னாலேயே ஓடி வந்து, கீரியின் மேல் இடித்தது. "என் தூக்கத்தைக் கெடுத்தது நீதானா!" என்றது. நியாயமாகப் பார்த்தால் கீரி அதன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. அதைச் சொல்ல அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று முள் மூக்கில், இரண்டு முள் பின்னால். கீரி "தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதே!" என்று அலறிக்கொண்டே பெரணிக்குள் பாய்ந்து போனது. அது முனகிக்கொண்டே ஓடுகிற சத்தம் ஓடை வரைக்கும் கேட்டது.

சருகிக்கு மூச்சு வாங்கியது. தொடையில் ரத்தம் கசிந்தது. அப்போதுதான் மூக்கின் மேல் சில்லென்று ஏதோ படுவது தெரிந்தது.

பாம்பின் படம்!

"அசையாதே சருகி!" என்று கோழி பாறைக்குப் பின்னாலிருந்து கத்தியது. "கடிச்சிடுச்சா?"

"இல்லை அக்கா."

"கடிக்கப் போகுதா?"

சருகி கண்ணைத் திறந்து பார்த்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் அந்தப் படத்துக்குக் கண் இல்லை. பல் இல்லை. மெத்தென்று, ஈரமாக, மழைத்தண்ணீர் உருண்டோட நின்றது. முகர்ந்து பார்த்தது. காளான் வாசனை. படத்துக்குள் எட்டிப் பார்த்தது. நடுவில் விரல் மாதிரி ஒரு தண்டு. அதன் அடியில் சின்னச் சின்னப் பச்சை மணிகள், வரிசை வரிசையாக நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. மணிகளுக்கு நடுவில் இரண்டு ஈக்கள் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"பூ" என்றது சருகி.

"என்னது?"

"இது பூ அக்கா. பாம்பு இல்லை. பூ."

முள்ளம்பன்றி கிட்டே வந்தது. கோழி இரண்டு அடி வந்தது, ஓர் அடி பின்னால் போனது, பிறகு வந்தது. சருகி தண்டோடு மூக்கை ஓட்டிக்கொண்டு மேலே பார்த்தது. தண்டிலிருந்தே கிளம்பி, தலைக்கு மேல் ஒன்பது பிரிவாக விரிந்து நின்றது ஒரே ஒரு இலை. "அணில் அண்ணன் பார்த்த குடை இதோட இலைதான்."

கீழே பார்த்தது. கீரி சண்டைக்குப் பறித்த பள்ளத்தில் மண் விலகி, தண்டின் அடியில் உருண்டையாக ஏதோ தெரிந்தது. "மாமா, உங்க கிழங்கு. மத்த மாசமெல்லாம் இது மண்ணுக்குள்ளேயே தூங்கும்போல."

"என் கதிர் எங்கேடி?" என்றது கோழி.

"உள்ளே எட்டிப் பாருங்க. இந்தப் பச்சை மணியெல்லாம் கார்த்திகைக்குள்ள பெருத்துச் சிவக்கும் அக்கா. மடல் காஞ்சு உதிர்ந்தா, உங்க கதிர்."

கோழி கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தி, "நான்தான் அப்பவே சொன்னேனே, கதிர்னு!" என்றது.

"கிழங்குன்னு சொன்னது யாரு? வேர் இல்லாம உன் கதிர் எங்கேயிருந்து வரும்?" என்றது முள்ளம்பன்றி.

"குடைன்னு முதல்ல சொன்னது நான்!" என்று மேலேயிருந்து அணில் கத்தியது.

மறுபடியும் சண்டை பிடித்துக்கொண்டது. மூன்று பேர் சொன்னதும் சரிதான். அதனால் சண்டை இன்னும் பலமாக நடந்தது.

சருகி அதைக் கேட்கவில்லை. வாசலுக்குப் போய், சந்துக்குள் மூக்கை நீட்டி, மெல்ல ஊதியது. தட்டவில்லை. பழைய தட்டு இனிமேல் உதவாது என்று அதற்குத் தெரியும்.

பொட்டு பயந்து பயந்து முகர்ந்தது. அம்மாவின் மூச்சுதான் என்று தெரிந்ததும் வெளியே வந்தது. வந்ததும் வராததுமாகப் பாலில் வாயை வைத்தது. மழை மறுபடி தூற ஆரம்பித்தது. இரண்டும் அந்த ஒற்றை இலைக்குக் கீழே நின்றன. இலை முழுதாக மறைக்கவில்லை. பொட்டுவின் முதுகு நனையவில்லை, அவ்வளவுதான்.

வயிறு நிறைந்த பிறகு பொட்டு தலையைத் தூக்கியது.

"ஏம்மா இவ்வளவு நேரம் வரலை?"

"வெள்ளம் வந்துடுச்சு கண்ணு."

"அது நேத்து. இன்னைக்கு?"

சருகி அதன் முதுகை நக்கிக் கொடுத்தது. "எப்படி வர்றதுன்னு புரியலைடா" என்றது.

பொட்டு வாயோரத்துப் பாலை நக்கிக்கொண்டு, வேர்ச்சந்தையும் பாறையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"அதோ, அங்கேதானேம்மா நின்னுக்கிட்டு இருந்தே? எனக்கு உன் கால் தெரிஞ்சுதே!"

பிள்ளைகளே, நீதி இதுதான்: வாசலில் நிற்பது என்னவென்று ஊரைக் கேட்டுக் குழம்பி நிற்காமல், கிட்டப் போய் நீயே பார்.